கறுப்பு மையும் கறுப்புத் திரையும்

சென்ற மாதம் முழுவதும் நான் எதுவும் எழுதவில்லை. இரண்டு மூன்று பேர் போன் செய்து, "உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று விசாரித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. வீட்டில் நடந்த ஒரு சம்பவம் மனதை விட்டு இறங்காமல் இருந்தது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் மொபைல் போனில் வரும் சின்னச் சின்னப் படங்களின் நிறத்தைப் பற்றியது. "இதெல்லாம் பிள்ளைகள் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று தாண்டிப் போய்விடாதீர்கள். போனைப் பார்த்து மாத்திரை போட்டுக்கொள்ளும் வீடுகள் இப்போது நிறைய இருக்கின்றன. அவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

என் மனைவிக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை. "போட்டேனா, போடலையா?" என்பது எங்கள் வீட்டில் தினமும் நடக்கும் வழக்கு. நான் சாட்சி. ஆனால் சாட்சிக்கும் ஞாபகம் இருக்காது.

பொங்கலுக்கு வந்த பேத்தி இந்த வழக்கை நேரில் பார்த்தாள். அவள் சென்னையில் ஒரு கம்பெனியில் மொபைல் ஆப் எழுதும் வேலையில் இருக்கிறாள். "பாட்டி, உனக்குன்னு ஒரு ஆப் நானே பண்ணித் தரேன். விளம்பரம் வராது, எல்லாம் தமிழ்லயே இருக்கும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா படம் எல்லாம் தாத்தாதான் போடணும்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. 1975-ல் ஒரு நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து, 2010-ல் ஓய்வு பெற்றவன் நான். முப்பத்தைந்து வருடம் கோடு போட்டே சோறு தின்றவன். கடைசிச் சில வருடங்களில் கம்ப்யூட்டர் வந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் ஒரு படம் கேட்கவில்லை.

பரணில் இருந்த பெட்டியை இறக்கினேன். ரோட்ரிங் பேனாக்கள் மூன்றும் மை காய்ந்து அடைத்துப் போயிருந்தன. வெந்நீரில் ஊறவைத்து ஒன்றை மட்டும் உயிர்ப்பித்தேன். வெள்ளை அட்டையில் இந்தியன் இங்க்கில் வரைந்தேன். காலைக்கு உதய சூரியன், மதியத்துக்கு உச்சி வெயில், இரவுக்குப் பிறை. சாப்பாட்டுக்கு முன் என்றால் காலித் தட்டு, பின் என்றால் சோறு வைத்த தட்டு. மாத்திரையைப் போட்டுக்கொண்டதும் விரலால் தொட்டால் மேலே வந்து உட்கார ஒரு டிக். அந்த டிக்கை மட்டும் பதினைந்து தடவை போட்டுப் பார்த்திருப்பேன்.

பேத்தி அவற்றைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், கம்ப்யூட்டரில் அதன் மேலேயே கோடு பிடித்து மறுபடி வரைந்தாள். மாத்திரைகளுக்கு மட்டும் அவற்றின் அசல் நிறத்தைப் போட்டாள். சர்க்கரை மாத்திரை ரோஸ், பிரஷர் மாத்திரை வெள்ளை என்று. ஒரு வாரத்தில் ஆப் போனுக்கு வந்துவிட்டது. வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகள். மை போட்ட பிளான் மாதிரியே இருந்தது. பாங்க், மருந்துக் கடை, கோவில் பிரகாரம் என்று போன இடத்திலெல்லாம் போனை எடுத்துக் காட்டினேன்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு அந்த இரவு வந்தது.

அன்று மத்தியானம் அடித்த காற்றில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ராத்திரி வரை கரன்ட் இல்லை. ஏழரை மணிக்கு எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, போனைத் தொட்டாள். டிக் வந்தது. இரண்டு இட்லி சாப்பிட்டாள். ஒன்பது மணி வாக்கில் வழக்கமான சந்தேகம் வந்து போனைத் திறந்திருக்கிறாள். திரை கறுப்பாக இருந்தது. ரோஸ் மாத்திரை தெரிந்தது. மாத்திரையின் பெயர் வெள்ளை எழுத்தில் தெரிந்தது. பக்கத்தில் டிக் இல்லை. "போடலை போலிருக்கு" என்று இன்னொன்றைப் போட்டுக்கொண்டு, மறுபடி தொட்டாள். அப்புறமும் டிக் வரவில்லை. சார்ஜ் இல்லாததால் படம் வரவில்லை என்று நினைத்து வைத்துவிட்டாள்.

பதினொன்றரை மணிக்கு என்னை உலுக்கி எழுப்பினாள். "என்னங்க, ஒரு மாதிரி படபடன்னு வருது." நைட்டி முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. சர்க்கரை பார்க்கும் கருவியை டார்ச் வெளிச்சத்தில் எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். 52.

மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 74. வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், அந்த நேரத்திலும் எடுத்தார். "மாத்திரையை எண்ணிப் பாருங்க" என்றார். எண்ணினேன். அட்டையில் ஒன்று அதிகமாகக் குறைந்திருந்தது. "ரெண்டு போட்டிருக்காங்க. மறுபடியும் இறங்கலாம். ஏதாவது சாப்பிடக் கொடுங்க, மணிக்கொரு தரம் பாருங்க, எழுபதுக்குக் கீழே போனா உடனே அழைச்சிட்டு வந்துடுங்க" என்றார். அலாரம் வைக்கத் தேவையே இல்லை. தூங்கினால்தானே எழுந்திருக்க? பிஸ்கட், பால், மறுபடி ஊசி, மறுபடி நம்பர் என்று விடிந்தது. ஆபத்தில்லாமல் விடிந்தது.

ஆனால் எனக்குப் பெரிய கஷ்டம் அதற்குப் பிறகுதான். "எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுங்க" என்றாள். அவள் அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பெண்ணையே யாரென்று கேட்டவர். அந்தப் பயம் இவளுக்கு எப்போதும் உள்ளே உண்டு. இப்போது அது வெளியே வந்துவிட்டது. அடுப்பை அணைத்தேனா என்று நாலு தடவை போய்ப் பார்த்தாள். கோலம் போடும்போது புள்ளியைச் சத்தமாக எண்ணினாள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். "ஒருவேளை ஆரம்பிக்கிறதோ?" என்று அவளுக்குத் தெரியாமல் கவனிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் போனில் சார்ஜ் குறைந்திருந்தது. நான் எடுத்து ஆப்பைத் திறந்தேன். திரை கறுப்பு. சூரியனைக் காணோம், பிறையைக் காணோம், தட்டைக் காணோம். மத்தியானம் நானே தொட்டு வைத்த டிக்கையும் காணோம். போனைச் சார்ஜரில் செருகினேன். இரண்டு நொடியில் திரை வெள்ளையானது. சூரியன் வந்தது, பிறை வந்தது, டிக்கும் வந்தது! சார்ஜரைப் பிடுங்கினேன், செருகினேன், பிடுங்கினேன். வந்தது, போனது, வந்தது.

சார்ஜ் குறைந்தால் போன் தானாகவே மின்சாரத்தைச் சேமிக்கும் நிலைக்குப் போகிறது. அப்போது திரையின் வெள்ளையைக் கறுப்பாக்கிவிடுகிறது. இதற்கு டார்க் தீம் என்று பெயர். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து இது போன் முழுவதற்கும் பொதுவாக இருக்கிறது. எழுத்துக்கு நிறம் கொடுப்பது போன். அதனால் அது புத்திசாலித்தனமாக எழுத்தை வெள்ளையாக்கிவிட்டது. ஆனால் நாம் வரைந்து உள்ளே வைத்த படத்துக்கு நாம் சொன்ன நிறம்தான். நான் சொன்னது கறுப்பு. கறுப்புத் திரையில் கறுப்பு டிக் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. பார்க்கத்தான் முடியவில்லை. அவள் இரண்டாவது முறை தொட்டபோது, கண்ணுக்குத் தெரியாமல் இருந்த டிக்கும் அழிந்துபோனது.

சமையலறைக்குப் போனேன். "உன் புத்தி எங்கேயும் போகலை. என் மைதான் போச்சு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சார்ஜரைச் செருகியும் பிடுங்கியும் காட்டினேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நாலைந்து முறை பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் வேறு. இதே தப்பை நான் முன்பு ஒரு தடவை செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு பழைய கட்டிடத்தை நீட்டிக் கட்டும் வேலை. அந்தக் கட்டிடத்தின் புளூபிரின்ட் ஒன்றுதான் பீரோவில் கிடைத்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் புளூபிரின்ட் என்ற வார்த்தையை மட்டும்தான் கேட்டிருப்பார்கள். அது உண்மையாகவே நீலமாக இருக்கும். காகிதம் முழுக்கக் கருநீலம், கோடுகள் மட்டும் வெள்ளை. பின்னால் வந்த அம்மோனியா பிரின்ட் இதற்கு நேர்மாறு. வெளுத்த காகிதத்தில் நீலக் கோடு. அந்த மெஷின் ஓடும் அறைக்குள் போனால் கண்ணில் தண்ணீர் கொட்டும்.

அந்தப் புளூபிரின்டில், முற்றத்துக்குக் கீழே இருந்த தண்ணீர்த் தொட்டி விட்டுப்போயிருந்தது. அதைக் குறிக்கச் சொன்னார்கள். நான் அழகாக, அளவு பிசகாமல், இந்தியன் இங்க்கில் கறுப்பாக வரைந்து அனுப்பினேன். கருநீலக் காகிதத்தில் கறுப்புக் கோடு! தொட்டி இருக்கும் இடத்திலேயே தூணுக்குக் குழி வெட்டினார்கள். மூடி உடைந்து ஒரு தொழிலாளியின் கால் முழங்கால் வரை உள்ளே போனது. சிராய்ப்போடு தப்பினார்.

ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் என்னைத் திட்டவில்லை. கொஞ்சம் சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, "இதைத் தொட்டு எழுது" என்றார். பேனாவால் தொட்டு எழுதினேன். எழுதிய இடத்தில் நீலம் கரைந்து வெள்ளைக் கோடு எழுந்தது. "கோடு போடத் தெரிஞ்சா மட்டும் போதாது தம்பி. எந்தக் காகிதத்துல போடறோம்னு தெரியணும்" என்றார். பிறகு தேசியக் கட்டிட விதித் தொகுப்பில் ஓர் அட்டவணையைத் திறந்து காட்டினார்.

அந்த அட்டவணையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இடது பக்கம் பொருளின் பெயர். அதற்கு நேரே மூன்று கட்டங்கள்: வெள்ளைக் காகிதம், புளூபிரின்ட், அம்மோனியா பிரின்ட். ஏற்கெனவே இருக்கும் கட்டிடம் என்ற வரியில் வெள்ளைக் காகிதத்துக்குக் கறுப்பு, புளூபிரின்டுக்கு வெள்ளை, அம்மோனியா பிரின்டுக்கு நீலம். பொருள் ஒன்றுதான், நிறம் மூன்று. ஆனால் இடிக்க வேண்டியது என்றால் மூன்றிலும் மஞ்சள் சாய்கோடு. புதிதாகக் கட்டப்போவது என்றால் மூன்றிலும் சிவப்பு. எது காகிதத்தைப் பார்த்து மாற வேண்டும், எது மாறவே கூடாது என்பது ஒரே பக்கத்தில் இருக்கும்.

மறுநாள் பேத்தியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அதுவரை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அழுதுவிட்டாள். "தாத்தா, நான் நேரா நம்பரையே எழுதிட்டேன்" என்றாள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. சுத்தக் கறுப்பு என்றால் ஆறு பூஜ்யம். என் டிக்கின் கோப்பில் அந்த ஆறு பூஜ்யத்தை நேரடியாகப் போட்டிருக்கிறாள். திரை எந்த நிறத்துக்குப் போனாலும் டிக் ஆறு பூஜ்யமாகவே நிற்கும்.

"வேற எப்படி எழுதியிருக்கணும்?" என்று கேட்டேன். "எண்ணுக்குப் பதிலா பேரை எழுதணும் தாத்தா. 'பின்னணி மேல வர்ற நிறம்'னு ஒரு பேரு. பகல் தீம்ல அந்தப் பேருக்குக் கறுப்பு, ராத்திரி தீம்ல வெள்ளைன்னு வேற ஒரு இடத்துல பட்டியல் இருக்கும். படம் தன் நிறத்தைத் தானா வச்சுக்காது. பட்டியலைக் கேட்டுக்கும்."

நான் சிரித்துவிட்டேன். இதைத்தான் எனக்கு அந்தச் சோடாக் கரைசலோடு சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் அட்டவணையைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தாத்தா, இதுக்குத்தான் நாங்க தீம்னு பேரு வச்சிருக்கோம்" என்றாள்.

அந்த வார இறுதியில் நேரில் வந்தாள். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாளில் அட்டவணை போட்டோம். இடது பக்கம் படத்தின் பகுதி, வலது பக்கம் பகல், இரவு என்று இரண்டு கட்டம். எங்களுக்குள் நடந்த விவாதத்தில் நான் கற்றுக்கொண்டது நிறைய.

வெறும் கோடாக இருக்கும் படங்களுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டால் போதும். தட்டு, பிறை, டிக் எல்லாம் அப்படி. ஒரே படம், பகலில் கறுப்பு, இரவில் வெள்ளை.

மாத்திரையின் நிறத்தை மட்டும் தொடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பாட்டி மாத்திரையை அடையாளம் காண்பது நிறத்தை வைத்துத்தான். ரோஸ் மாத்திரை இரவில் வேறு நிறமாக மாறினால் இதைவிடப் பெரிய ஆபத்து. இடிப்பது எந்தக் காகிதத்திலும் மஞ்சள்தான் என்பது போல இது. ஆனால் வெள்ளை மாத்திரை வெள்ளைத் திரையில் காணாமல் போகுமே? அதற்குச் சுற்றுக்கோடு. உள்ளே இருக்கும் நிறம் மாறாது, சுற்றுக்கோடு மட்டும் பின்னணியைக் கேட்டு மாறும்.

சூரியனுக்குத்தான் சிக்கல். அவளுக்கு அதை மஞ்சளாக்க ஆசை. கறுப்பில் மஞ்சள் ஜொலிக்கும், வெள்ளையில் மஞ்சள் தெரியவே தெரியாது. அதனால் பகலுக்கு அடர்ந்த ஆரஞ்சில் ஒரு சூரியன், இரவுக்கு மஞ்சளில் ஒரு சூரியன் என்று இரண்டு படமாக வைத்தோம். இரவுப் படங்களுக்கென்று தனிக் கோப்புறை வைக்க ஆண்ட்ராய்டில் வசதி இருக்கிறதாம். போனே பார்த்து எடுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் கண் அளவில் முடிவு செய்யக் கூடாது, கணக்கு இருக்கிறது என்றாள். இரண்டு நிறங்களின் வெளிச்சத்தை ஒப்பிட்டு ஒரு விகிதம் போடுகிறார்கள். வெள்ளையும் கறுப்பும் 21-க்கு 1. அதுதான் உச்சம். படங்களுக்குக் குறைந்தது 3-க்கு 1, சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று உலக அளவில் ஒரு வரையறை இருக்கிறது. டார்க் தீமின் பின்னணி முழுக் கறுப்பு அல்ல, கரிய சாம்பல். அதன் மேல் என் கறுப்பு டிக்குக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். சுமார் 1.1-க்கு 1. இல்லாததற்குச் சமம்.

டிக்கைப் பச்சையாக்கலாமா என்ற பேச்சும் வந்தது. நான் ஒரு நண்பரை நினைத்துக்கொண்டேன். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். நிறத்தை மட்டும் நம்பினால் அவரைப் போன்றவர்கள் கதி? அதனால் பச்சை வேண்டுமானால் வரட்டும், பகலில் அடர்த்தியாக, இரவில் வெளிறியதாக வரட்டும், ஆனால் பக்கத்திலேயே "போட்டாச்சு, 7.32" என்று எழுத்தும் நேரமும் வர வேண்டும் என்று தீர்மானித்தோம். மறுபடி தொட்டால் டிக் அழியாமல், "ஏற்கெனவே போட்டாச்சு, நிஜமாகவே அழிக்கணுமா?" என்று கேட்கவும் வைத்தாள்.

கடைசியில் பரிசோதனை. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பாட்டியை உட்கார வைத்து, ஒரு தடவை வெள்ளையில், ஒரு தடவை கறுப்பில் காட்டினோம். "தெரியுதா பாட்டி?" "தெரியுது." "இது?" "தெரியுதுடி, எத்தனை தடவை கேப்பே?" அந்த அதட்டலைக் கேட்டதும்தான் எனக்கு நிம்மதி வந்தது. பழைய ஆள் திரும்பி வந்துவிட்டாள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டுதான். மாத்திரைக்கோ, பணம் அனுப்புவதற்கோ எந்த ஆப்பை நம்பினாலும், போனின் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் டார்க் தீமை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பகலில் தெரிந்ததெல்லாம் அப்போதும் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் இந்த வேலையில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இரண்டாவது, வீட்டில் வயதானவர் ஒரு தப்புச் செய்துவிட்டால் உடனே அவர் மூளையைச் சந்தேகிக்காதீர்கள். அவர் கண்ணெதிரே என்ன தெரிந்தது என்று முதலில் பாருங்கள். மூன்று நாள் நான் அதைச் செய்யவில்லை. அந்த மூன்று நாளை என் மனைவியிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

அட்டவணை போட்ட தாளை அவள் பத்திரமாக எடுத்து, மாத்திரை டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். "இது எதுக்கு உனக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். அடுத்த தடவை யார் தப்புன்னு பாக்க உதவும்" என்றாள்.